சிவப்பு உறையில் வந்த படம்: அமெரிக்காவில் அஞ்சல்வழி டிவிடி வாடகை (1998–2023)

வீடியோ கேசட்டைத் தபாலில் அனுப்பி வாடகைக்கு விடுவது கட்டுப்படியாகாத வேலை. 1997 மார்ச்சில் அமெரிக்கச் சந்தைக்கு வந்த டிவிடிதான் அதற்கு வழி திறந்தது. ரீட் ஹேஸ்டிங்ஸும் மார்க் ராண்டால்ஃபும் ஓர் இசைக் குறுவட்டை உறையிலிட்டு அஞ்சலில் சேர்த்துப் பார்த்தனர். அது உடையாமல் சான்டா குரூஸில் இருந்த ஹேஸ்டிங்ஸின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. 1998 ஏப்ரல் 14 அன்று, ஏறத்தாழ 925 படங்களுடன் அவர்களது நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் சேவையைத் தொடங்கியது.

முதலில் வீடியோ கடை வழக்கமே தொடர்ந்தது. ஒவ்வொரு வட்டுக்கும் தனி வாடகை, ஏழு நாள் தவணை. 1999இல் வந்த மாதச் சந்தா முறை தவணையையும் தாமதக் கட்டணத்தையும் ஒழித்தது. வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய விடுதலை இந்த வணிகத்தில் வேறு கிடைக்கவில்லை. வட்டு எத்தனை வாரம் வேண்டுமானாலும் வீட்டில் இருக்கலாம். ஆனால் ஒன்று திரும்பினால்தான், வாடிக்கையாளர் தேர்ந்து வைத்த பட்டியலில் அடுத்தது புறப்படும்.

உறையின் அமைப்பு எளிமையானது. சிவப்பு உறையின் மேல்மடலைக் கிழித்தால், கதைச்சுருக்கம் அச்சிட்ட காகிதப் பையில் வட்டு இருக்கும். பார்த்து முடித்ததும் அதே உறையில் திரும்பப் போட்டு ஒட்டினால் போதும். திரும்பும் முகவரி அச்சிட்டிருக்கும், தபால் செலவும் கட்டியாகியிருக்கும். 2002 முதல் நாடெங்கும் விநியோக நிலையங்கள் பெருகி ஐம்பதைத் தாண்டின. பெரும்பாலோருக்கு மறுநாளே படம் வந்தது. இந்த வேகத்துக்குப் பின்னால் அஞ்சல் ஊழியரின் கையுழைப்பு இருந்தது. உறையின் தளர்ந்த விளிம்பு இயந்திரங்களில் சிக்கியதால், திரும்பும் உறைகளில் சுமார் 70 விழுக்காட்டைக் கையால் வகைபிரிக்க வேண்டியிருந்தது என்று அஞ்சல் துறையின் தணிக்கை அறிக்கை 2007இல் பதிவுசெய்தது.

வாடிக்கையாளர் தம்மைப் பற்றியே அறிந்துகொண்ட இடம் அந்தப் பட்டியல். 'பார்த்தே ஆக வேண்டும்' என்று சேர்த்த கனமான படங்கள் தொலைக்காட்சிமேல் தூசி படிந்து கிடக்க, கேளிக்கைப் படங்கள் உடனே திரும்பின. ஆஸ்திரேலிய அஞ்சல்வழி நிறுவனம் ஒன்றின் தரவுகளை ஆராய்ந்த கேத்தரின் மில்க்மேன், டாட் ராஜர்ஸ், மேக்ஸ் பேசர்மன் மூவரும் 2009இல் இதையே நிறுவினர்.

குறைகளும் இருந்தன. வட்டு கீறியோ விரிசல்விட்டோ வந்தால் தெரிவித்ததும் மாற்று வட்டு கிடைத்தது. ஆறாத மனக்குறை வேறு: வேகமாகப் பார்த்துத் திருப்புவோருக்கு அடுத்த வட்டு தாமதமாக வந்தது. ஒவ்வொரு அனுப்புதலும் நிறுவனத்துக்குச் செலவு என்பதால், அதிகம் பார்ப்பவரே அதிகச் சுமை ஆனார். இதுகுறித்து 2004இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடுக்கப்பட்ட வழக்கு சமரசத்தில் முடிந்தது. குறைவாக எடுப்போருக்கு முன்னுரிமை உண்டு என்பதை நிறுவனத்தின் விதிமுறைகளும் ஒப்புக்கொண்டன. 'வரம்பற்ற' என்ற விளம்பரச் சொல்லை நம்பியவர்களின் கோபம் நியாயமானதே.

2007 ஜனவரியில் இணையவழி ஒளிபரப்பு தொடங்கிய பின்னும் வட்டு உடனே மறையவில்லை. வாங்கிய வட்டை வாடகைக்கு விட அமெரிக்கச் சட்டத்தில் தனி உரிமம் தேவையில்லை. இணையத்தில் காட்டவோ படத்துக்குப் படம் உரிமம் வேண்டும். அதனால் பழைய படங்களைத் தேடுவோரும், இணைய வேகம் குறைந்த ஊர்களில் வாழ்வோரும் சிவப்பு உறையை விடவில்லை. 2011இல் வட்டுச் சேவையை 'குவிக்ஸ்டர்' என்று தனியே பிரிக்கும் திட்டம், வாடிக்கையாளர் எதிர்ப்பால் சில வாரங்களில் கைவிடப்பட்டது.

கடைசி உறைகள் 2023 செப்டம்பர் 29 அன்று புறப்பட்டன. அதுவரை அனுப்பிய வட்டுகள் 520 கோடிக்கும் மேல். அந்தக் கடைசி வட்டுகளை மட்டும் திருப்பி அனுப்பத் தேவையில்லை என்று வாடிக்கையாளர்களுக்கு அறிவிக்கப்பட்டது.