புள்ளிக்கு ஓர் இலக்கணம்

மார்கழி வைகறையில் சேத்தியாத்தோப்பின் தெருக்களில் நடந்தால், சாணம் தெளித்த வாசல்களில் கணக்குப் போட்டிருப்பதைக் காணலாம். உவமையாகச் சொல்லவில்லை. மூன்று வரிசை, வரிசைக்கு நான்கு நேர்ப்புள்ளி. அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே இழை தன்னைத் தானே வெட்டிச் சென்று, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பினால், சிக்குக்கோலம் ஒரே இழையில் முடிந்துவிடும். மூன்றுக்கு மூன்றென்றால் மூன்று இழைகள் வேண்டும். நான்குக்கு ஆறென்றால் இரண்டு. இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை இழை! பள்ளியில் வகுத்து வகுத்துச் சலித்த அந்த எண்தான் இது.

1736இல் கோனிக்ஸ்பர்க் பாலங்களை ஆராய்ந்த ஆய்லரின் வழியில் பார்த்தால், ஒவ்வொரு வெட்டிலும் நான்கு வழிகள் கூடுவதால், இடைமுறியாத எந்தக் கோலத்தையும் ஒரே ஓட்டத்தில் வரைந்துவிடலாம். ஆனால் சிக்குக்கோலக்காரி வெட்டில் திரும்பமாட்டாள், நேரேதான் போவாள். அந்த ஒரு கட்டுப்பாடு கோட்டுருவியலை எண்கோட்பாட்டிடம் கொண்டுபோய் விடுகிறது.

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974இல் கோலத்துக்கு இலக்கணம் எழுதினார்கள். இலக்கணம் என்றால் தமிழ் படித்த நமக்கு நூற்பாதான் நினைவுக்கு வரும். இது சாம்ஸ்கி வழி வந்த ஆக்க இலக்கணம்: சொற்களுக்குப் பதிலாகக் குறிகளைக் கட்டங்களில் அடுக்கி, சில விதிகளைத் திரும்பத் திரும்பச் செலுத்திச் சிறு கோலத்திலிருந்து பெரிய கோலத்தைப் பிறப்பிப்பது. கணிப்பொறி வரைகலை இளமையாக இருந்த காலத்தில், வாசற்படி அதற்கு உதாரணமாயிற்று.

இதில் நமக்கு ஒரு மனக்குறையும் உண்டு. கட்டங்களில் அடுக்கியது முடிந்த படத்தை. வரையும் கையை அன்று. பின்னர் 1980களில் கம்பிக்கோலத்தை எடுத்துக்கொண்டபோது சிரோமணியும் குழுவினரும் இழையின் அசைவுகளையே குறிகளாக்கினார்கள். நம் பாட்டிமார் கோலத்தை அறிந்ததற்கு இதுவே அணுக்கமானது என்பது நம் எண்ணம்.

தமிழ்த்துறையில் கோலம் 'நாட்டார் கலை' என்னும் ஐந்து மதிப்பெண் வினா. அடுத்த அறையில் கணிதத்துறை. இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர். இருபது ஆண்டுகளாக நாமும் அதைத் தாண்டியதில்லை.

எங்கள் தெருவில் சில வாசல்களில் இப்போது ஒட்டுக்கோலம். படம் பிசகாமல் இருக்கிறது. இழை எங்கே தொடங்கிற்று என்று அதில் கேட்க முடியாது. ஒரு வரிசை கூட்டிப் பார்க்கவும் முடியாது.