ஒட்டகத்துக்கு வந்தது பெரியம்மையா?

பிழைப்புக்காக பீகானேர் பக்கம் வந்து சேர்ந்ததில் இருந்து ஒட்டகங்களைப் பற்றிக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டு இருக்கிறேன். (இங்கே வெயிலில் வேறு பொழுதுபோக்கும் கிடையாது!) அப்படிப் படித்ததில், உலகத்தை விட்டே பெரியம்மையை விரட்டியடித்த கதையில் நம் ஒட்டகமும் ஒரு கட்டத்தில் குறுக்கே வந்து நின்றது தெரிந்தது. அதைத்தான் இன்றைக்கு எழுதப் போகிறேன்.

ஒட்டகத்துக்கும் அம்மை வரும். முதலில் காய்ச்சல், அப்புறம் உதடு, மூக்கு, கண் இமை ஓரங்களில் கொப்புளம், கடைசியில் பொருக்கு. குட்டிகளுக்கு வந்தால் உடம்பு பூராவும் பரவி உயிரையே எடுத்துவிடும். சினை ஒட்டகம் கருவை இழக்கும். இதை முதன்முதலாக விஞ்ஞானப் பத்திரிகையில் விவரமாக எழுதியவர் ஆர்னால்ட் லீஸ் என்ற ஆங்கிலேய கால்நடை மருத்துவர். 1909ல் எழுதினார். பஞ்சாப், ராஜபுதனா பகுதி ஒட்டகக் குட்டிகளைப் பார்த்து எழுதியது. அதாவது ஒட்டக அம்மையின் ஏட்டு வரலாறு நம் நாட்டில்தான் தொடங்குகிறது. இதே லீஸ் 1927ல் ஒற்றைத் திமில் ஒட்டகத்தைப் பற்றி ஒரு தடிமனான புத்தகமும் போட்டார். ரொம்ப நாளைக்கு ஒட்டக வைத்தியர்களுக்கு அதுதான் கைப்புத்தகம். அதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பெயரோடு போயிருப்பார். ஊருக்குத் திரும்பி யூத வெறுப்பைக் கக்கும் பாசிஸ்டாக மாறி, 1936ல் அதற்காகவே ஜெயிலுக்கும் போனார். ஒட்டகத்திடம் இருந்த பரிவு மனுஷனிடம் இல்லாமல் போனது எப்படியோ!

சரி, விஷயத்துக்கு வருவோம். லீஸ் காலத்தில் நோயைக் கண்டுபிடிக்க இருந்த ஒரே கருவி கண். அந்தக் கண்ணை ஏமாற்ற இன்னும் இரண்டு நோய்கள் உண்டு. ஒன்று, ராஜஸ்தானில் 'மும்ரி' என்று சொல்லும் வாய்ப்புண் நோய். உதட்டைச் சுற்றித் தடித்த பொருக்கு, முகம் வீங்கிப்போகும். செம்மறி ஆட்டுக்கு வரும் வாய்ப்புண்ணின் தூரத்துச் சொந்தம். இன்னொன்று பாப்பிலோமா வைரஸ் உண்டாக்கும் மரு, பூக்கோசு மாதிரி இருக்கும். மூன்றுமே இளம் ஒட்டகங்களைத்தான் அதிகம் பிடிக்கும், மூன்றுமே உதட்டிலும் மூக்கிலும்தான் வரும். ஆரம்ப நாட்களில் அனுபவசாலி மருத்துவரே தடுமாறுவார்.

எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் வந்த பிறகு இந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது. பொருக்கில் ஒரு துணுக்கு போதும். அம்மை வைரஸ் செங்கல் மாதிரி தெரியும். மும்ரி வைரஸ் முட்டை வடிவில், மேலே நூல்கண்டு சுற்றியது போல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளோடு இருக்கும். மரு வைரஸ் இரண்டையும் விட ரொம்பச் சின்னது, உருண்டை.

ஆனால் உண்மையான சிக்கல் அதற்கு அப்புறம்தான். மனிதனின் பெரியம்மை வைரஸும் இதே செங்கல்தான்!

1972ல் உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்பு வேகமாக நடந்துகொண்டு இருந்தது. அந்தத் திட்டமே ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: பெரியம்மை மனிதனுக்கு மட்டுமே வரும், ஒளிந்துகொள்ள எந்த மிருகமும் அதற்குக் கிடையாது. அந்த வருடம் டெரிக் பாக்ஸ்பி என்ற ஆராய்ச்சியாளர், ஈரான் ஒட்டகங்களில் கிடைத்த வைரஸ்கள் பெரியம்மை வைரஸைப் போலவே இருக்கின்றன என்று லான்செட் பத்திரிகையில் எழுதினார். யோசித்துப் பாருங்கள். மனிதர்கள் எல்லாருக்கும் ஊசி போட்டு முடித்தாலும், பாலைவனத்தில் ஏதோ ஒரு ஒட்டகக் கூட்டத்துக்குள் நோய் பதுங்கி இருந்தால்? போட்ட உழைப்பெல்லாம் விழலுக்கு இறைத்த நீர்.

அந்தக் காலத்தில் அம்மை வைரஸ்களைப் பிரித்தறிய ஒரு நல்ல வழி இருந்தது. கரு வளரும் கோழி முட்டையின் சவ்வில் வைரஸை விட்டு, எத்தனை டிகிரி வெப்பம் வரைக்கும் அது கொப்புளம் போடுகிறது என்று பார்ப்பார்கள். தடுப்பூசிக்குப் பயன்படும் வைரஸ் 41 டிகிரி வரை தாங்கும், குரங்கம்மை 39 வரை. பெரியம்மை கிட்டத்தட்ட 38.5ல் நின்றுவிடும். ஒட்டக அம்மை? அதுவும் 38.5! நம்பியிருந்த அளவுகோலே கையை விரித்துவிட்டது.

பிறகு இரண்டு வழியில் முடிச்சு அவிழ்ந்தது. மனிதச் செல்களிலும் குரங்குச் செல்களிலும் வளர்த்துப் பார்த்தபோது இரண்டு வைரஸும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. ஒட்டக வைரஸ் பல செல்களை ஒன்றாக இணைத்து ராட்சதச் செல்களாக்கியது. அடுத்து, ஒட்டகங்களுக்கே பெரியம்மை வைரஸைச் செலுத்திப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் பரவும் அம்மை அவற்றுக்கு வரவில்லை. ஆனால் அதே ஒட்டகங்களுக்கு அப்புறம் ஒட்டக அம்மையைக் கொடுத்தபோது தாக்குப்பிடித்தன. ஆக இரண்டும் நெருங்கிய உறவு, ஆனால் ஒன்றல்ல.

இயற்கையாகப் பரவிய பெரியம்மையின் கடைசி நோயாளி 1977 அக்டோபரில் எங்கே கிடைத்தார் தெரியுமா? சோமாலியாவில்! ஊர் பூராவும் ஒட்டகம் இருக்கும் நாடு. அதனால் அங்கே ஒட்டகம் மேய்ப்பவர்களையும் ஒட்டகங்களையும் தேடித் தேடிச் சோதித்தார்கள். ஒட்டகங்களுக்கு அம்மை இருந்தது, ஆனால் அதிலிருந்து மனிதருக்குள் பரவும் நோய் எதுவும் கிளம்பவில்லை. 1980ல் பெரியம்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். 2002ல் ஒட்டக அம்மை வைரஸின் மரபணுவை முழுதாகப் படித்தபோதுதான் உறவு எவ்வளவு நெருக்கம் என்று தெரிந்தது. இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலான எழுத்துக்கள். தெரிந்த வைரஸ்களில் பெரியம்மைக்கு மிகவும் நெருங்கியவற்றில் இதுவும் ஒன்று. இதனாலோ என்னவோ, ஈராக் தன் உயிரியல் ஆயுதத் திட்டத்தில் இந்த வைரஸையும் வைத்து வேலை செய்ததாக 1995ல் ஒப்புக்கொண்டது.

இப்போது முட்டையெல்லாம் அவசியமில்லை. பொருக்கில் இருந்து மரபணுவை எடுத்து பி.சி.ஆரில் ஓட்டினால் ஒரே நாளில் விடை வந்துவிடும். ஒட்டக அம்மைக்கு மட்டுமே காட்டும் ஒரு பி.சி.ஆர். முறையை நம் நாட்டு விஞ்ஞானிகளே 2009ல் வெளியிட்டார்கள்.

அதே 2009ல்தான் வடமேற்கு இந்தியாவில் ஒட்டகங்களுக்கு அம்மை கண்டது. அவற்றைப் பராமரித்த மூன்று பேருக்குக் கைகளிலும் விரல்களிலும் கொப்புளம். மாதிரிகளை ஆராய்ந்ததில் ஒட்டக அம்மையேதான். ஒட்டகத்தில் இருந்து மனிதனுக்கு இது தொற்றும் என்பதற்கு ஆய்வகத்தில் உறுதியான முதல் சான்று என்று 2011ல் பிரசுரமானது. பெரியம்மைத் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஒட்டக அம்மையில் இருந்தும் ஓரளவு பாதுகாப்பு உண்டு. அந்த ஊசியை நிறுத்தி நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்றைக்கு ஒட்டகத்தின் மூக்குக்கயிற்றைப் பிடித்து நடக்கும் இளைஞர்கள் தோளில் அந்த ஊசித் தழும்பு கிடையாது.