பாதித் துணி

தைத்து மிஞ்சிய துணித்துண்டுகளைச் சேர்த்து வைப்பவர்கள் அவற்றை நிறம் பார்த்து அடுக்குவார்கள். அல்லது அளவு பார்த்து. ஒட்டுப்போர்வை தைக்கும் கைக்கு இவ்விரண்டும் போதும். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் ஒரு நிறுவனம் துண்டுத்துணிகளை வேறொரு முறையில் அடுக்கி வைத்தது. ஒரு துண்டுக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு ஒரு குழந்தை. போர்வை தைப்பது அவர்கள் நோக்கமன்று. துணியின் மீது அவர்களுக்குத் தனிப்பட்ட ஆர்வம் இருந்ததாகவும் தெரியவில்லை. ஆயினும் அக்காலத்து எளிய பெண்களின் அன்றாட உடைத்துணி இத்தனை பெருந்தொகையாகப் பிழைத்திருக்கும் இடம் பிரிட்டனில் வேறொன்று இல்லை.

அந்நிறுவனத்தின் பெயர் ஃபவுண்ட்லிங் ஹாஸ்பிடல். பெயரில் ஹாஸ்பிடல் இருந்தாலும் அது நோயாளிகளுக்கானதன்று. வளர்க்க வழியற்றவர்கள் கொண்டுவந்து ஒப்படைக்கும் கைக்குழந்தைகளுக்கான விடுதி. கடலோடியாக வாழ்ந்து முதிர்ந்த தாமஸ் கோரம் என்பவர் பதினேழு ஆண்டுகள் பிரபுக்களின் வாசல்களில் அலைந்து 1739-இல் அதற்கு அரச சாசனம் பெற்றார். 1741 மார்ச் 25 அன்று முதல் குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். இடத்துக்கு மீறிய கூட்டம் வரவே, அடுத்த ஆண்டு ஒரு குலுக்கல் முறை வந்தது. தாய் ஒரு பைக்குள் கைவிட்டுப் பந்தெடுக்க வேண்டும். வெள்ளை என்றால் குழந்தைக்கு இடமுண்டு. சிவப்பு என்றால் காத்திருக்கலாம். கறுப்பு என்றால் குழந்தையோடு திரும்பிவிட வேண்டும். வெள்ளைப் பந்து வந்தவளை அங்கே அதிர்ஷ்டசாலி என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

உள்ளே போன குழந்தைக்கு வேறு பெயர் வைத்து ஞானஸ்நானம் செய்தார்கள். கழுத்தில் எண் பொறித்த ஈயத்தகடு. பிறகு நாட்டுப்புறத்தில் பால்கொடுத்து வளர்க்கும் செவிலியிடம் அனுப்பினார்கள். பழைய பெயர் எந்த வழக்கிலும் இல்லை. பல ஆண்டுகள் கழித்துத் தாய் ஒருத்தி வந்து ‘என் பிள்ளையைக் கொடுங்கள்’ என்றால், எந்தப் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்காகத்தான் அச்சிட்ட படிவம் ஒன்று வைத்திருந்தார்கள். சேர்த்த தேதி, ஆணா பெண்ணா, வயது, உடலிலுள்ள அடையாளம், அணிந்திருந்த தொப்பி, சட்டை, போர்த்திய துணி எல்லாம் அதில் பதிவாயின. அதனுடன் ஒரு துண்டுத்துணியைக் குண்டூசியால் குத்தி, மடித்து, முத்திரையிட்டு, மேலே எண் எழுதி வைத்தார்கள். தேடிக்கொண்டு யாராவது வந்தால் மட்டுமே அதைப் பிரிப்பது வழக்கம்.

எழுத்தறியாத தாய்க்குத் துணி கையெழுத்தைப் போன்றது. ஒரு துண்டை இரண்டாக வெட்டிப் பாதியைத் தான் வைத்துக்கொண்டால், பூவின் மீதிப் பாதியும் கோட்டின் தொடர்ச்சியும் பின்னாளில் பேசும். பட்டு நாடா, சிவப்புத் துணியில் வெட்டிய இதயம் என்று வேண்டுமென்றே தேர்ந்து கொடுத்தவையும் இருக்கின்றன. எல்லாமே தாயின் தேர்வு என்று உருகிவிடவும் கூடாது. குழந்தையின் சட்டைக் கையிலிருந்து அலுவலர்களே கத்தரித்தவையும் நிறைய. ஆனால் ஏழைவீட்டுக் குழந்தைச் சட்டை பெரும்பாலும் பெரியவர்களின் பழைய உடையை வெட்டித் தைத்தது. அலுவலகக் கத்தரி அறியாமலே தாயின் பாவாடையையும் வெட்டியிருக்கும்.

அத்துண்டுகளில் அச்சிட்ட பூக்கள் மிகுதி. இதில் நம் பக்கத்துக் கதையும் சிறிது கலந்திருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் சென்ற பூவச்சுப் பருத்திக்கு அந்நாட்டுப் பெண்களிடம் இருந்த மோகத்தைக் கண்டு கம்பளி, பட்டு நெசவாளர்கள் கொதித்தார்கள். 1721-இல் அச்சிட்ட பருத்தித்துணியை உடுத்துவதையே பாராளுமன்றம் தடைசெய்தது. துணி போயிற்று, பூ போகவில்லை. லினன் பாவும் பருத்தி ஊடையுமாக நெய்த துணியில் அங்கேயே அச்சடித்தார்கள். 1736-இல் அதற்குச் சட்டத்தின் அனுமதியும் கிடைத்தது. வேலைக்காரப் பெண்ணும் பூப்போட்ட உடை அணிந்தாள் என்பதற்கு இப்படிவங்களே சாட்சி. அருங்காட்சியகங்களில் எஞ்சியவை பெரும்பாலும் செல்வர்களின் பட்டாடைகள். எளியவர்களின் உடை கந்தலாகும்வரை உழைத்துவிட்டு மறைந்தது.

1756-இல் பாராளுமன்றம் பணம் தந்தது, வரும் குழந்தை எதையும் மறுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. 1760 வரை நீடித்த அந்நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து சேர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. இன்று எஞ்சியுள்ள சுமார் 5,000 துணித்துண்டுகளில் மிகப் பலவும் இக்காலத்தவை. 1741 முதல் 1760 வரை சேர்க்கப்பட்ட 16,282 குழந்தைகளில் தேடிவந்து மீட்கப்பட்டவர் 152 பேர் மட்டுமே.

அதற்குப் பின் வந்த ஒரு மீட்பைச் சொல்ல வேண்டும். 1767 பிப்ரவரியில் சாரா பெண்டர் என்னும் பெண் சார்ல்ஸ் என்ற மகனை ஒப்படைத்தாள். அவள் தந்தது ஓர் ஒட்டுத்தையல் துண்டு. வெவ்வேறு பூத்துணிகளை இணைத்து, மேலே சிவப்பு நூலால் இதயமொன்றைத் தைத்து, அதை நடுவே வெட்டியிருந்தாள். விடுதி அந்தப் பையனுக்கு பெஞ்சமின் ட்வெர்ல் என்று பெயரிட்டது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1775 ஜூனில், அவள் திரும்பி வந்தாள். மகன் உயிரோடு இருந்தான், அழைத்துப் போனாள்.

படிவங்களைப் பின்னாளில் தொகுதிகளாகக் கட்டினார்கள். மூடிய தாள்களுக்குள் வெளிச்சம் படாததால் சிவப்பும் நீலமும் இன்றும் மங்காதிருக்கின்றன. 1860களில் ஒரு விபரீதம் நடந்தது. தாய்மார்கள் துணியல்லாத அடையாளங்களும் விட்டுச் சென்றிருந்தார்கள்: நாணயம், மோதிரம், பெயர் செதுக்கிய உலோகத் தகடு. பார்வையாளருக்குக் காட்டுவதற்காக அவற்றை எடுத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். எந்தப் பொருள் எந்த எண்ணுக்குரியது என்பது அறுந்துபோயிற்று. ஆய்வாளர்கள் படிவங்களை வரிவரியாகப் படித்து, அவற்றில் பலவற்றுக்கு உரிய குழந்தையை அண்மைக்காலத்தில்தான் மீண்டும் கண்டறிந்தார்கள். துணித்துண்டுகளைக் காட்சிக்குரியவை என்று அன்று யாரும் கருதவில்லை. அதனால் அவை தத்தம் எண்ணோடு இருந்த இடத்திலேயே இருந்தன. வரலாற்றாசிரியர் ஜான் ஸ்டைல்ஸ் தொகுத்த கண்காட்சியில் 2010-இல் அவை பொதுமக்கள் பார்வைக்கு வந்தன, தாளோடும் எண்ணோடும்.