அயர்லாந்துப் பாராளுமன்றத்துச் சபாநாயகர் பதவியும் நிலவுடைமை வர்க்கமும் (1613–1800)

சட்டமன்றங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் சபாநாயகர் பதவியைப் பெரும்பாலும் மரபுகளின் தொகுதியாகவே நோக்குவர். பொய்முடி, அங்கி, செங்கோல், உயர்ந்த ஆசனம் ஆகியவற்றையும் அவற்றுக்குப் பின்னால் நடுநிலைமை என்றதோர் இலட்சியத்தையும் அவர்கள் காண்பர். ஆயின், ஒரு பதவி எந்த வர்க்கத்தின் எத்தேவையை நிறைவேற்ற எழுந்தது, எந்தத் தேவை தீர்ந்தபொழுது அழிந்தது என்ற வினாக்கள் எழுப்பப்படாதவிடத்து நிறுவன வரலாறு வெறும் அணிகலன் பட்டியலாகவே எஞ்சும். டப்ளினில் 1800ஆம் ஆண்டுவரை இயங்கிய அயர்லாந்துப் பாராளுமன்றத்தின் கீழ்ச்சபையான பொதுமக்கள் சபையில் சபாநாயகர் பதவி பெற்ற வடிவம் இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. அங்கு அப்பதவி நடுநிலைமைக்காக உருவானதன்று. நடுநிலைமையைப் பெரிதாகப் பாவனை செய்ததுமன்று.

தமிழில் இப்பதவியைச் சபாநாயகர் என்கிறோம். தில்லைக் கூத்தனுக்குரிய பெயரொன்று அவைத் தலைமைக்கு வந்து சேர்ந்தமை சுவையானதே. ஆனால் மூல ஆங்கிலச் சொல்லின் பொருள் நாயகர் என்பதன்று, பேசுபவர் என்பதேயாகும். சபையின் முடிவை மன்னன் முன்னிலையில் எடுத்துரைப்பவர் என்பதே பழைய கருத்து. ஆகவே, அயர்லாந்தில் இவர் யாருக்காக, யார் முன்னிலையில், என்ன விலைக்குப் பேசினார் என்று கேட்பதற்கு அப்பெயரே இடந்தருகிறது.

1613ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தமானது. அல்ஸ்ரர் மாகாணத்தில் கெயிலிக் தலைவர்களின் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு, இங்கிலாந்திலும் ஸ்கொத்லாந்திலுமிருந்து புரட்டஸ்தாந்துக் குடியேற்றக்காரர் கொண்டுவரப்பட்ட காலம் அது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் கூட்டிய பாராளுமன்றத்தில் புரட்டஸ்தாந்தரே பெரும்பான்மையினராக இருத்தல் வேண்டும் என்பதற்காகப் புதிய நகரத் தொகுதிகள் ஏராளமாக உருவாக்கப்பட்டன. அவற்றுட் பல, நகரம் என்ற பெயருக்கே தகுதியற்ற குக்கிராமங்கள். அரசாங்கத்தின் சார்பிற் சபாநாயகர் பதவிக்கு முன்மொழியப்பட்டவர் சட்டமா அதிபர் சேர் ஜோன் டேவிஸ். கத்தோலிக்க உறுப்பினர் முன்னிறுத்தியவர் சேர் ஜோன் எவரார்ட். மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்கும் சத்தியத்தைச் செய்ய விரும்பாது நீதிபதிப் பதவியைத் துறந்தவர். வாக்கெண்ணுவதற்காக டேவிசின் ஆதரவாளர்கள் வெளியே சென்றபொழுது, உள்ளே எஞ்சியோர் எவரார்ட்டை ஆசனத்தில் அமர்த்திவிட்டனர். திரும்பி வந்தவர்கள் டேவிசைத் தூக்கி எவரார்ட்டின் மடியிலேயே இருத்தினர்! பின்னர் எவரார்ட் இழுத்து அகற்றப்பட்டார். கத்தோலிக்க உறுப்பினர் வெளியேறினர். மன்னர் விசாரணை நடத்திச் சில தொகுதிகளின் தெரிவுகளை இரத்துச் செய்தாராயினும் டேவிசின் தெரிவை உறுதிப்படுத்தினார்.

இந்நிகழ்ச்சி வேடிக்கைக் கதையாகவே பலகாலும் சொல்லப்பட்டு வந்துள்ளது. டேவிஸ் யார் என்பதை நோக்கும்போது வேடிக்கை மறைந்துவிடும். ஆங்கில இலக்கிய மாணவர் அவரை எலிசபெத் காலத்துக் கவிஞராக அறிவர். ஆன்மாவின் அழியாமை பற்றி 1599இல் அவர் வெளியிட்ட நெடும்பாடல் இன்றும் இலக்கிய வரலாறுகளில் இடம்பெறுவது. அண்டமனைத்தும் இசைவுடன் நடனமிடுவதாகக் கற்பனை செய்த அக்கவிஞரே அயர்லாந்தின் பழைய நில உறவுகளைச் சட்டத்தின் மூலம் தகர்ப்பதில் முன்னின்றவர். கெயிலிக் மரபில் நிலம் குலத்துக்குரியது. ஒருவர் இறந்ததும் அவரது பங்கு உறவினரிடையே மீளப் பகிரப்படும். தலைமையும் மூத்த மகனுக்குத் தானாகச் செல்லாது, குலத்தில் தகுதிவாய்ந்தவருக்குச் செல்லும். இவ்வழமைகள் 1606இலும் 1608இலும் நீதிமன்றத் தீர்ப்புகளாற் செல்லுபடியற்றனவாக்கப்பட்டன. குல நிலங்களை முடியின் சொத்தாக மாற்ற அனுப்பப்பட்ட ஆங்கிலச் சட்ட அறிஞர் பற்றி 1884இல் ஏங்கெல்ஸ் குறிப்பிடுவது டேவிஸ் போன்றோரையே. டேவிசுக்கும் அல்ஸ்ரரில் நிலம் கிடைத்தது. பொதுவுடைமையைத் தனியுடைமையாக்கிய சட்டத்தரணியே தனியுடைமையாளர் சபையின் ஆசனத்தில் அமர்ந்தமை தற்செயலன்று.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நடந்தவற்றை விரிவாகக் கூறவேண்டியதில்லை. 1641இன் கிளர்ச்சி, குரொம்வெல்லின் படையெடுப்பு, 1690–91இல் இரண்டாம் ஜேம்சின் தோல்வி ஆகிய ஒவ்வொன்றும் பறிமுதலில் முடிந்தது. 1641இல் ஏறத்தாழ 59 வீதமான நிலத்தை வைத்திருந்த கத்தோலிக்கர் 1703இல் 14 வீதத்தையே வைத்திருந்தனர் என்பது வரலாற்றாசிரியர் பலரும் ஏற்கும் கணிப்பு. 1690களில் அவர்கள் பாராளுமன்றத்திலிருந்து விலக்கப்பட்டனர். 1728இல் வாக்குரிமையையும் இழந்தனர். சபையின் 300 உறுப்பினருள் 234 பேர் 117 நகரத் தொகுதிகளிலிருந்து வந்தோர். இத்தொகுதிகளிற் பெரும்பாலானவை நிலப்பிரபு ஒருவரின் சட்டைப்பைக்குள் அடங்கியவை. பெரும்பான்மை மக்களுக்கு இடமற்ற இச்சபைக்குப் ‘பொதுமக்கள் சபை’ என்று பெயர்!

இத்தகைய சபைக்கும் இலண்டன் நியமித்த நிருவாகத்துக்கும் இடையில் ஓர் இணைப்பு தேவைப்பட்டது. அரசப் பிரதிநிதி இரண்டாண்டுகளுக்கு ஒருமுறை, சபை கூடும் மாதங்களில் மட்டுமே டப்ளினில் தங்குவார். முடியின் பரம்பரை வருமானம் படைச் செலவுக்குப் போதாமையால் மேலதிக வரிகளைச் சபையே அங்கீகரிக்க வேண்டியிருந்தது. அந்த வாக்குகளைத் திரட்டித் தருவதாகப் பொறுப்பேற்ற பெரும்புள்ளிகள் ‘பொறுப்பேற்பாளர்’ எனப்பட்டனர். கைம்மாறாகப் பதவிகளையும் ஓய்வூதியங்களையும் பகிர்ந்தளிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடைத்தது. இவ்வமைப்பின் மையத்தில் நின்றவர் சபாநாயகரே. அரசப் பிரதிநிதி இல்லாத காலத்தில் நாட்டை ஆண்ட மூவருள் ஒருவராகவும் அவர் வழக்கமாக நியமிக்கப்பட்டார். அவையை நடத்துபவரும், பெரும்பான்மையைத் திரட்டுபவரும், நிருவாகத்தை நடத்துபவரும் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது.

1715 முதல் 1729 வரை அப்பதவியிலிருந்த வில்லியம் கொனலி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. டொனகோல் பகுதியின் பலிஷனனில் விடுதி நடத்தியவரின் மகன், சட்டத்தரணி, 1691க்குப் பிந்திய பறிமுதல் நிலங்களை வாங்கி விற்று அயர்லாந்தின் பெருஞ் செல்வரானவர். சபாநாயகராக இருந்த அதே காலத்தில் இறைவரி ஆணையாளராகவும் அவர் பணிபுரிந்தார். சுங்கத்திலும் தீர்வைத் துறையிலும் நாடெங்கும் இருந்த சிறு பதவிகள் அவருடைய கையில் இருந்தன. ஓர் உறுப்பினரின் மருமகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைப்பதற்கும் அவ்வுறுப்பினரின் வாக்குக்குமிடையே நெடுந்தூரம் இருக்கவில்லை. 1722இல் அவர் கட்டத் தொடங்கிய காசில்ரவுண் மாளிகை கட்டடக்கலை நூல்களிற் புகழப்படுவது. அவரது விதவை 1740இல், பஞ்ச காலத்தில், ஏழைகளுக்கு வேலை கொடுப்பதற்காக எப்பயனுமற்ற பெருங் கல் வளைவொன்றை எழுப்புவித்தார். கருணையும் அந்த வர்க்கத்துக்கு அலங்காரமாகவே வெளிப்பட்டது போலும். (தொழிலாளர் இயக்கத் தலைவரான ஜேம்ஸ் கொனொலியின் பெயரோடு இவர் பெயரை ஒப்பிடாதிருக்க முடிவதில்லை. பின்னவரைப் பற்றிக் கீழே கூறுவேன்.)

அடுத்து, 1733 முதல் 1756 வரை ஆசனத்திலிருந்த ஹென்றி பொயிலின் காலத்தில் இரு நிகழ்ச்சிகள் குறிப்பிடத்தக்கவை. 1736இற் சபை, மேய்ச்சல் நிலத்தின் கால்நடைகள்மீது திருச்சபைக்குச் செலுத்தவேண்டிய தசமபாகத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. ஜோனதன் ஸ்விப்ட் கடுஞ்சினத்துடன் அச்சபையைப் பேய்க் கூட்டமாகச் சித்திரித்து அங்கதப் பாடலொன்றை எழுதினார். அதனை ஆட்சியாளருக்கெதிரான குரலாக மட்டும் விளக்குவது போதாது. மதகுருவான ஸ்விப்டின் சினம் திருச்சபையின் வருமானம் பற்றியது. ஆயினும், தம் எண்ணத்தைக் கடந்ததோர் உண்மையை அவர் தொட்டுவிட்டார். மேய்ச்சல் நிலம் வைத்திருந்த பெருஞ்செல்வர் தசமபாகத்திலிருந்து தப்பினர்; சுமை உருளைக்கிழங்கும் தானியமும் பயிரிட்ட ஏழை உழவன்மீது விழுந்தது. 1760களில் மன்ஸ்ரர் மாகாணத்தில் இரவில் வெண்ணுடை அணிந்து கிளர்ந்தெழுந்த உழவரின் முறைப்பாடுகளுள் தசமபாகம் முதன்மையானது. கவிஞனின் வர்க்கச் சார்பும் அவன் படைப்பின் புறவயமான உண்மையும் எப்பொழுதும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை.

இரண்டாவது நிகழ்ச்சி 1753இன் நிதிச் சட்டமூலம். திறைசேரியில் எஞ்சிய பணத்தைக் கடன் தீர்க்கப் பயன்படுத்துவதற்கு மன்னரின் முன்னிசைவு வேண்டும் என்ற வாசகம் சேர்க்கப்பட்டபொழுது, பொயிலின் அணி அச்சட்டமூலத்தை 5 வாக்குகளாற் தோற்கடித்தது. டப்ளின் வீதிகள் கொண்டாடின. சபாநாயகர் நாட்டுரிமையின் காவலரானார். 1754இல் அவர் நிதியமைச்சர் பதவியிலிருந்து நீக்கப்பட்டமை புகழை மேலும் வளர்த்தது. 1756இற் காட்சி மாறியது. ஷனன் பிரபு என்ற பட்டத்தையும் ஆண்டுக்கு 2,000 பவுண் வீதம் 31 ஆண்டுக்கால ஓய்வூதியத்தையும் பெற்றுக்கொண்டு பொயில் ஆசனத்தை விட்டிறங்கினார். நேற்றுவரை வாழ்த்திய கூட்டம் அவரது கொடும்பாவியை எரித்தது. இதைத் தனிமனிதரின் துரோகமாகக் கொள்வது எளிது. ஆனால் பேரமே அப்பதவியின் இயல்பான தொழில். தேசாபிமானம் பேரத்தில் ஒரு நாணயமாகப் பயன்பட்டது. விலை கிடைத்ததும் நாணயம் கைமாறியது.

ஏகாதிபத்தியத் தேவைகள் பெருகியபொழுது இலண்டனுக்கு இந்த இடைத்தரகு சலித்துப்போயிற்று. 1767இல் வந்த அரசப் பிரதிநிதி ரவுன்சென்ட் டப்ளினிலேயே தொடர்ந்து தங்கி, பதவி வழங்கும் அதிகாரத்தை நேரடியாகத் தம் கையில் எடுத்தார். அப்போதைய சபாநாயகர் ஜோன் பொன்சன்பி, கொனலியைப் போலவே இறைவரி ஆணைக்குழுவிலும் முதன்மை வகித்தவர். பொயிலின் மகனுக்கே தம் மகளை மணமுடித்துக் கொடுத்தவர். 1770இல் அவர் அந்த ஆணைக்குழுவிலிருந்து நீக்கப்பட்டார். 1771இல் ரவுன்சென்டுக்கு நன்றி கூறும் சபையின் உரையைக் கொண்டுசெல்ல மறுத்துச் சபாநாயகர் பதவியையும் துறந்தார். மீண்டும் தாமே தெரிவு செய்யப்படுவார் என அவர் எதிர்பார்த்திருக்கலாம். ஆனால் சொற்ப வாக்கு வித்தியாசத்தில் லிமெரிக்கின் எட்மண்ட் பெரி தெரிவானார். தாம் சபைக்காகவே பேசுபவர், அரசப் பிரதிநிதிக்காகவன்று என்ற கொள்கையைப் பொன்சன்பி உரத்துக் கூறியது ஆணைக்குழுப் பதவி பறிபோன பின்னரே என்பது கவனிக்கற்பாலது.

1782இல் அமெரிக்கப் போரின் நெருக்கடியும் தொண்டர் படைகளின் எழுச்சியும் சேர்ந்து சட்டமியற்றும் சுதந்திரத்தைப் பெற்றுத்தந்தன. கிறற்றனின் பாராளுமன்றம் எனப் பிற்காலத் தேசியவாதிகள் பொற்காலமாகப் போற்றியது இதனையே. நிருவாகம் இலண்டனாலேயே தொடர்ந்து நியமிக்கப்பட்டமையையும், கத்தோலிக்கர் ஒருவரேனும் அங்கு அமர முடியாதிருந்தமையையும் அவர்கள் பலரும் மெதுவாகவே உச்சரித்தனர். 1910இல் வெளிவந்த ‘அயர்லாந்து வரலாற்றில் உழைப்பு’ என்ற நூலில் ஜேம்ஸ் கொனொலி இப்பொற்காலக் கதையைக் கடுமையாகத் தாக்கினார். அவருக்கு முன்னரே, 1869இல், மார்க்ஸ் அமெரிக்கப் புரட்சியிலிருந்து 1801இன் இணைப்புவரையான காலத்தைப் பற்றி விரிவான குறிப்புகளைத் திரட்டியிருந்தார்.

இக்காலத்தின் சபாநாயகர் ஜோன் பொஸ்ரர் (1785–1800) ஏனையோரைவிடச் சிக்கலானவர். நிதியையும் வணிகத்தையும் ஆழ்ந்து கற்றவர். அவர் பெயரால் வழங்கும் 1784ஆம் ஆண்டுத் தானியச் சட்டம் ஏற்றுமதிக்கு ஊக்கத்தொகை கொடுத்து உழவைப் பெருக்கியது. அதனுடன் வாரமும் உயர்ந்தது. 1793இல் கத்தோலிக்கருக்கு வாக்குரிமை அளிப்பதை எதிர்த்தவரும் அவரே. 1798இன் எழுச்சி குருதியில் அடக்கப்பட்டபின், பிரதமர் வில்லியம் பிற் அயர்லாந்தின் பாராளுமன்றத்தை வெஸ்ற்மின்ஸ்ரருடன் இணைக்க முனைந்தபொழுது, எதிர்ப்பின் தலைமை பொஸ்ரரிடம் வந்தது. ஆசனத்திலிருக்கும்போது விவாதிக்க முடியாதவராதலால், சபை குழுவாகக் கூடிய 1799 ஏப்ரல் 11ஆந் திகதி அவர் மணிக்கணக்கில் உரையாற்றினார். புள்ளிவிபரமும் சட்ட நுணுக்கமும் நிறைந்த அவ்வுரை அக்காலத்தின் அரசியல் உரைநடையில் வலிமைவாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் அவர் காக்க நின்றது எது? புரட்டஸ்தாந்து மேலாதிக்கம் டப்ளினிலேயே பாதுகாப்பாயிருக்கும் என்பதே அவரது உறுதியான நம்பிக்கை. கத்தோலிக்கரின் சம உரிமையை மறுத்துக்கொண்டே தேசத்தின் பெயரால் அவர் பேசினார். அயர்லாந்தின் பெரும்பான்மை மக்களை அத்தேசத்துக்காக எழுமாறு அழைக்க அவரால் இயலவில்லை. அழைத்திருந்தால் அவர்கள் முதலிற் கேட்டிருக்கக்கூடியது நிலத்தையே.

1799 ஜனவரியில் ஒருமுறை தோற்கடிக்கப்பட்ட இணைப்பு 1800 பெப்ரவரியில் 158க்கு 115 என்ற வாக்குகளால் முன்னேறியது. இடைப்பட்ட ஓராண்டுக் கதை பட்டங்களின் கதை, பதவிகளின் கதை. ஒழிக்கப்பட்ட 84 நகரத் தொகுதிகளுக்குத் தொகுதிக்கு 15,000 பவுண் வீதம், மொத்தம் 1,260,000 பவுண் உரிமையாளருக்கு நட்டஈடாக வழங்கப்பட்டது. மக்களின் பிரதிநிதித்துவம் தனியார் சொத்து என்பதை இதனினும் வெளிப்படையாக எந்த அரசும் கணக்கேட்டில் எழுதியதாகத் தெரியவில்லை. 1800 ஜூன் மாதம், தாம் எதிர்த்த சட்டமூலத்தையே வாக்குக்கு விட்டு அது நிறைவேறியதென அறிவிக்க வேண்டிய கடமை பொஸ்ரருக்கு நேர்ந்தது.

செங்கோலை அவர் ஒப்படைக்க மறுத்தார். தமக்கு அதனைக் கையளித்த சபை திருப்பிக் கேட்கும்வரை அது தம்மிடமே இருக்கும் என்பது அவர் நிலைப்பாடு. இச்செயல் தேசியவாத வரலாறுகளில் உருக்கத்துடன் நினைவுகூரப்படுகிறது. அவ்வுருக்கம் முற்றிலும் ஆதாரமற்றதுமன்று. ஆயினும் அதனுடன் சேர்த்து எழுதப்படவேண்டியவை வேறுமுள. பதவியை இழந்தமைக்காக ஆண்டுக்கு ஐயாயிரம் பவுணுக்கு மேற்பட்ட தொகையை அவர் பெற்றார். வெஸ்ற்மின்ஸ்ரரில் உறுப்பினராக அமர்ந்தார். 1804இலும் 1807இலும் அயர்லாந்தின் நிதியமைச்சராகப் பதவியேற்றார். 1821இல் ஓரியல் பிரபுவானார். டப்ளினின் பாராளுமன்றக் கட்டடத்தை அயர்லாந்து வங்கி 1803இல் 40,000 பவுணுக்கு வாங்கிற்று. பொதுமக்கள் சபையின் மண்டபம் பழைய உருத் தெரியாதவாறு மாற்றியமைக்கப்பட்டது. பிரபுக்கள் சபையின் மண்டபம் மட்டும் தப்பியது. பொஸ்ரரின் குடும்பத்தாரிடம் தலைமுறைகளாக இருந்துவந்த செங்கோல் 1937இல் விற்பனைக்கு வந்தபொழுது அதனையும் அவ்வங்கியே வாங்கியது.