சமாதானப் பாட்டும் விடுபட்ட பெயர்களும்



நினைவுச் சொற்பொழிவு என்பது ஒரு பெயரை மறக்காமல் சொல்லிக்கொண்டிருப்பதற்கான ஏற்பாடு. ஆண்டுக்கு ஒருமுறை கூடுகிறோம், பெயரைச் சொல்கிறோம், பேசுகிறோம், பேசியதை அச்சிட்டு வைக்கிறோம். அச்சில் ஏறாத பெயர் இரண்டு தலைமுறைக்குள் காணாமல் போய்விடும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் நாம். ஆகவே இந்த ஆண்டு பெயர்களைப் பற்றியே பேசுவோம். எடுத்துக்கொண்ட பொருள் மட்டும் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஓர் ஆங்கிலேய ராக் பாடகரின் சமாதானப் பாட்டிலிருந்து தொடங்குகிறோம்.

இதற்குக் காரணம் நம் மாணவர்கள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆம்பூரில் வாசிப்பு வட்டம் முடிந்த பிறகு, பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜான் லெனனின் 'இமாஜின்' வந்ததும் வாக்குவாதம் மூண்டது. நாடு, மதம், உடைமை எதுவும் இல்லாத உலகத்தை நினைத்துப் பார்க்கச் சொன்ன பாட்டு, அதற்குப் பத்துக்குப் பத்து என்றார் ஒரு தம்பி. மாளிகையில் வெள்ளைப் பியானோ முன்னால் உட்கார்ந்துகொண்டு உடைமை வேண்டாம் என்று பாடியவருக்கு மூன்று மதிப்பெண் போதும் என்றார் இன்னொருவர். ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பட்டப்படிப்பு படிக்கும் தங்கை ஒருவர் அதுவரை பேசவில்லை. கடைசியில், "எல்லாம் இல்லன்னு நினைக்கச் சொன்னாரு, சாதி இல்லன்னு சொல்லலையே அண்ணா" என்றார். "அவருக்குச் சாதி தெரியாதும்மா" என்று சமாதானம் சொன்னோம். "தெரியாதவங்க பாட்டுக்கு நாம எதுக்கு மார்க் போடணும்?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. இந்தச் சொற்பொழிவு அதற்கான முயற்சி.

முதலில் அந்தப் பாட்டின் வரலாற்றைப் பார்ப்போம். 'இமாஜின்' 1971இல் வெளிவந்தது. இங்கிலாந்தில் ஆஸ்காட் அருகே டிட்டன்ஹர்ஸ்ட் பார்க் என்ற லெனனின் பெரிய பண்ணை வீட்டில் பதிவானது. வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலம். போரை எதிர்த்த இளைஞர்கள் அதைத் தங்கள் பாட்டாக எடுத்துக்கொண்டார்கள். 1980 டிசம்பர் 8 அன்று நியூயார்க்கில் லெனன் சுட்டுக் கொல்லப்பட்டபின் அது ஏறத்தாழ வழிபாட்டுப் பாடலாகவே ஆனது. 'ரோலிங் ஸ்டோன்' இதழ் 2004இல் வெளியிட்ட தலைசிறந்த 500 பாடல்கள் பட்டியலில் அதற்கு மூன்றாம் இடம். அதே இதழ் 2021இல் புதிய பட்டியல் போட்டபோது பத்தொன்பதாம் இடம். பாட்டு அதேதான், கேட்கிறவர்கள் மாறியிருந்தார்கள். 2020 மார்ச்சில், கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில், ஹாலிவுட் நட்சத்திரங்கள் அவரவர் வீட்டில் இருந்தபடி ஆளுக்கு ஒரு வரியாக அதைப் பாடி வெளியிட்டார்கள். உலகம் கைதட்டவில்லை, கோபப்பட்டது. சில நாட்களில் நம் நாட்டின் நெடுஞ்சாலைகளில் தொழிலாளர்கள் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். அவர்களைப் பார்த்த நமக்கும் அந்தக் கோபம் புரியும்.

ஆனால் நாம் கவனிக்க வேண்டியது பட்டியலில் எத்தனையாவது இடம் என்பதை அல்ல. இந்தப் பாட்டுக்குக் கருவைத் தந்தவர் ஒரு பெண். லெனனின் மனைவி, ஜப்பானியக் கலைஞர் யோகோ ஓனோ. 1964இல் அவர் வெளியிட்ட 'கிரேப்ஃப்ரூட்' என்ற சிறு நூலில், இப்படி நினைத்துப் பார், அப்படி நினைத்துப் பார் என்று வாசகருக்குச் சொல்லும் குறிப்புகள் உண்டு. பாட்டின் கருவும் சொல்முறையும் அங்கிருந்து வந்தவை. கொல்லப்படுவதற்கு இரண்டு நாட்கள் முன்பு பிபிசிக்குக் கொடுத்த நேர்காணலில் லெனனே இதை ஒப்புக்கொண்டார். அவர் பெயரையும் சேர்த்திருக்க வேண்டும், ஆண் என்ற திமிரிலும் சுயநலத்திலும் விட்டுவிட்டேன் என்ற பொருளில் பேசினார். அமெரிக்க இசை வெளியீட்டாளர் சங்கம், ஓனோவின் பெயரும் பாடலாசிரியராகச் சேர்க்கப்படும் என்று அறிவித்தது 2017 ஜூனில்தான். 1971இலிருந்து எண்ணினால் 46 ஆண்டுகள். உடைமை இல்லாத உலகத்தைப் பாடிய பாட்டு, ஒரு பெண்ணின் உழைப்பை இன்னொருவர் உடைமையாக அத்தனை காலம் வைத்திருந்தது.

உலகப் புகழ்பெற்ற கலைஞரின் மனைவிக்கே, வசதியும் வழக்கறிஞர்களும் இருந்த ஒரு பெண்ணுக்கே, 46 ஆண்டு ஆனது என்றால், அரக்கோணம் பக்கத்தில் நாற்று நட்டுக்கொண்டே பாடிய பாட்டிக்கு எத்தனை ஆண்டு ஆகும்?

இங்கிருந்து நம் ஊருக்கு வருவோம். அரக்கோணம் 2019 வரை நம் வேலூர் மாவட்டத்தில் இருந்தது, இப்போது ராணிப்பேட்டை மாவட்டம். அங்கே பிறந்த அறிவு எழுதி, தீயுடன் சேர்ந்து பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' 2021 மார்ச் 7 அன்று வெளிவந்தது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். மண் எல்லா உயிருக்கும் பொது என்று சொல்லும் அந்தப் பாட்டை நாம் நம் சமாதானப் பாட்டு என்றே சொல்வோம். ஒப்பாரியும் ராப்பும் அதில் ஒன்றாகக் கலந்தன. தன் பாட்டி வள்ளியம்மாள் சொன்ன கதைகளிலிருந்து அதை எழுதியதாக அறிவு பலமுறை சொல்லியிருக்கிறார். அந்தப் பாட்டி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்.

அந்தத் தோட்டங்களின் வரலாறு மாணவர்களுக்குத் தெரிய வேண்டும். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று இரண்டு அரசுகளும் மனிதர்களைப் பங்கு பிரித்தன. அவர்களில் பெரும்பகுதி ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். நாடு என்று ஒன்று இல்லை என்று லெனன் நினைத்துப் பார்க்கச் சொன்னபோது, சட்டப்படியே நாடில்லாமல் நம் பாட்டிமார்கள் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அது கற்பனை அல்ல.

பாட்டு வெளியான பின் என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆனாலும் அச்சில் இருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம். 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழின் அட்டையில் இந்தப் பாட்டையும் 'நீயே ஒளி' பாட்டையும் முன்னிட்டுத் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இடம்பெற்றார்கள். இரண்டு பாட்டிலும் பங்களித்த அறிவு அட்டையில் இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் அந்த இருட்டடிப்பைப் பொதுவில் கேட்டார். கேள்வி பரவியது. இதழ் அறிவை வைத்துத் தனியாக ஒரு டிஜிட்டல் அட்டை வெளியிட்டது. அடுத்த ஆண்டு, 2022 ஜூலை 28 அன்று சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் இந்தப் பாட்டு ஒலித்தது. தீயும் கிடக்குழி மாரியம்மாளும் பாடினார்கள், மேடையில் அறிவு இல்லை. பாட்டை ஆக்கியது தன் உழைப்பு என்று அறிவு எழுதினார். இது கூட்டுப் படைப்பு, அவருக்கும் அழைப்பு போனது, அவர் அமெரிக்காவில் இருந்ததால் அமையவில்லை என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். அறிவின் பங்கைத் தான் ஒருபோதும் குறைத்ததில்லை என்றார் தீ. 2024இல் இந்தப் பாட்டின் வருமானம் தனக்கு வரவே இல்லை என்று சந்தோஷ் நாராயணனும் வெளிப்படையாகச் சொன்னார்.

இதில் யார் எத்தனை பங்கு என்று தீர்ப்பு எழுத நாம் நீதிமன்றம் அல்ல. நாம் பார்ப்பது வேறு. அன்று இளைஞர்கள் கைப்பேசியில் இரவு பகலாக வாதாடியதைப் பெரியவர்கள் சிலர் ரசிகர் சண்டை என்று ஒதுக்கினார்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் நினைத்தோம். யோசித்தால், அது வரலாற்று எழுத்துக்கான சண்டை. நம் பறை, நம் ஒப்பாரி, நம் நடவுப் பாட்டு ஒவ்வொன்றும் நாட்டுப்புறப் பாடல் என்ற பொதுப்பெயரில் நூலாகவும் சினிமாப் பாட்டாகவும் போயிருக்கிறது. பாடியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பாடியவர் ஒரு கிழவி' என்று இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. விடுபட்ட பெயரை அதே மாதத்தில், ஆள் உயிரோடு இருக்கும்போதே, ஆயிரக்கணக்கானோர் கேட்டது புதிது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். ஒப்பாரிக்கு ஆசிரியர் உண்டா, பாட்டு எல்லோருக்கும் பொது இல்லையா, பெயர் கேட்பது தனியுடைமைப் புத்தி இல்லையா என்று தோழர்கள் கேட்பார்கள். இதற்கு நம் தோல் தொழிலே பதில் சொல்கிறது. சேரியில் பறைக்குத் தோல் கட்டியபோது யாரும் பெயர் பொறிக்கவில்லை. கட்டியவர், காய்ச்சியவர், அடித்தவர், கேட்டவர் எல்லோரும் ஒரே தெருவில் இருந்தார்கள். ஆம்பூரில், வாணியம்பாடியில், பேரணாம்பட்டில், ராணிப்பேட்டையில் பதனிடும் தோல் அப்படி இல்லை. சுண்ணாம்பில் ஊறி, டிரம்மில் சுழன்று, குரோமில் நிறம் மாறி, நம் பெண்களின் கையில் ஷூவாகி, கப்பல் ஏறுகிறது. அதன் நாக்கில் வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் இருக்கிறது. ஒரு பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் விஷயம். பொருள் சந்தைக்குப் போகாதவரை பெயர் இல்லாமல் இருப்பது பொதுவுடைமை. சந்தைக்குப் போனபின் பெயர் இல்லாமல் இருப்பது கொடுக்காமல் விட்ட கூலி.

பெயர் விடுபடுவது நம் மாவட்டத்துக்கும் நடந்திருக்கிறது. 1989இல் பழைய வட ஆர்க்காடு பிரிந்தபோது நம் பகுதி வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர் பெற்றது. 1990களின் பிற்பகுதியில், தமிழகம் முழுவதும் மாவட்டங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களை எடுத்தபோது, அதுவும் போய் வேலூர் ஆனது. அந்தப் பெயர் இன்றும் நிலைத்திருக்கும் ஓர் இடம், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் கொடுத்த தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பாழானது என்று அதில் பதிவாகியிருக்கிறது. தோட்டம் போட்டவருக்கே தாகம் தீரவில்லை என்று நம் பாட்டு வருந்தும் இடத்தில், பாலாற்றங்கரையில் கேன் தண்ணீர் வாங்கிக் குடிக்கும் நமக்குத் தொண்டை அடைப்பது அதனால்தான்.

இனி அந்தத் தங்கையின் கேள்விக்கு வருவோம். சாதி தெரியாதவரின் சமாதானப் பாட்டுக்கு நாம் எதை வைத்து மதிப்பெண் போடுவது? 'சமாதானம்' என்ற சொல்லே நம் ஊரில் சந்தேகத்துக்குரியது. மோதல் நடந்தால் தாலுகா அலுவலகத்தில் அமைதிப் பேச்சுவார்த்தை நடக்கும். அடி வாங்கியவரும் அடித்தவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 2019 ஆகஸ்டில் வாணியம்பாடியை அடுத்த நாராயணபுரத்தில், பாதை மறுக்கப்பட்டதால், இறந்துபோன ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சி வெளியே வந்தபின் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அதுவரை ஊரில் கலவரம் இல்லை, சத்தம் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் அது அமைதியான ஊர்தான். எல்லைகள் இல்லாத உலகத்தை நினைத்துப் பார்க்கும் முன் சுடுகாட்டுக்குப் போகும் வழியில் இருக்கும் எல்லையைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் எச்சரித்ததும் இதையே. அரசியலில் சமத்துவம், வாழ்க்கையில் சமத்துவமின்மை என்ற முரண்பாட்டுக்குள் நுழைகிறோம் என்றார். சகோதரத்துவம் இல்லாத சமத்துவம் மேல்பூச்சாகத்தான் இருக்கும் என்றார். சமாதானம் என்பது சண்டை ஓய்ந்த நிலை அல்ல, பங்கும் பெயரும் கிடைத்த நிலை என்று நாம் அதை வாசிக்கிறோம்.

அதனால் 'இமாஜின்' நமக்கு வேண்டாத பாட்டு என்று சொல்லவில்லை. கேளுங்கள், பாடுங்கள். அயோத்திதாசரின் 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்து 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழு, ராக்கையும் கானாவையும் பறையையும் ஒன்றாகவே வாசித்தது. ராக் நமக்கு அந்நியம் இல்லை. ஆனால் எந்தச் சமாதானப் பாட்டுக்கும் மதிப்பெண் போடும்முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருடைய உழைப்பு இதில் இருக்கிறது? அவர் பெயர் எங்கே இருக்கிறது? இந்தப் பாட்டு கேட்கும் அமைதியில் யார் வாயை மூட வேண்டியிருக்கிறது?

முடிவாக ஒரு வேலை. அறிவு தன் பாட்டியின் பெயரைத் தன் ஆல்பத்துக்கே 'வள்ளியம்மா பேராண்டி' என்று வைத்துவிட்டார். நம் தெருக்களில் ஒப்பாரி பாடும் அம்மாக்கள், ஷூ கம்பெனி வேனில் போகும்போது பாட்டுக் கட்டும் அக்காக்கள், பறை அடிக்கும் பெரியப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்யுங்கள். பாட்டுக்கு மேலே பாடியவர் பெயர், ஊர், தேதி எழுதுங்கள். அவர் அனுமதி இல்லாமல் எங்கும் வெளியிடாதீர்கள். அடுத்த ஆண்டு இதே நாளில் இந்த அரங்கில் அந்தப் பெயர்களை வரிசையாக வாசிப்போம், அச்சிடுவோம். அந்தத் தங்கை அன்று மதிப்பெண் போடாமல் விட்ட இடத்தில் முதல் பெயரை அவரே எழுதட்டும்.

ஜெய்பீம்.