ஓட்டுக்குள் ஒளிந்திருந்த மேஸ்திரி

நம்மூர் ரேஷன் கடையில் பாமாயில் வாங்கியவர்களில் பலர் அந்த மரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்த பிறகு, கோதாவரிப் பக்கம் போனபோதுதான் நானும் பார்த்தேன். எண்ணெய்ப்பனை; மலேசியத் தமிழர்கள் செம்பனை என்பார்கள். அங்கே 1917-ல் வியாபாரத்துக்காக முதன்முதலில் அதை நட்ட தோட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? தென்னமரம் எஸ்டேட்!

சரி, விஷயத்துக்கு வருவோம். பாமாயில் கிடைப்பது பழத்தின் சதையில். உள்ளே கொட்டை, அதற்குள் பருப்பு. கொட்டையின் ஓடு தடிமனாக இருந்தால் டூரா. ஓடே இல்லாவிட்டால் பிசிஃபெரா. ஓடு மெல்லிசாக இருந்தால் டெனெரா. ஓடு மெலிந்தால் சதை கூடும். டூராவைவிட டெனெராவில் எண்ணெய் சுமார் 30 சதவீதம் அதிகம். அப்படியானால் பிசிஃபெராவையே நட்டால் என்ன? அது பெரும்பாலும் காய் பிடிக்காது.

பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில் டெனெரா விதையையே நட்டுப் பார்த்தார்கள். மூன்று வகையும் கலந்து நின்றன. 1941-ல் பெய்ர்னார்ட், வான்டர்வேயன் இருவரும் முடிச்சை அவிழ்த்தார்கள். டெனெரா தனி வகையே இல்லை. டூராவுக்கும் பிசிஃபெராவுக்கும் பிறந்த கலப்பு. எல்லாம் ஒரே மரபணு, மெண்டலின் பட்டாணிக் கணக்கு. டெனெராவோடு டெனெராவைச் சேர்த்தால் நாலில் இரண்டுதான் டெனெரா. டூரா பூவில் பிசிஃபெரா மகரந்தத்தைத் தூவினால் அத்தனையும் டெனெரா.

அந்த மரபணு எது என்று தெரிய இன்னும் 72 வருஷம் ஆனது. 2013-ல் மலேசிய பாமாயில் வாரியத்தின் ராஜிந்தர் சிங் உள்ளிட்ட விஞ்ஞானிகள், அமெரிக்கக் கூட்டாளிகளோடு சேர்ந்து நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். பெயர் ஷெல். மேட்ஸ்-பாக்ஸ் என்ற பெரிய குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தின் புரதங்கள் மேஸ்திரி மாதிரி; டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொண்டு மற்ற மரபணுக்களை வேலை வாங்கும். அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுக்கூடச் செடியில் ஷெல்லின் பங்காளி, சூல் உருவாவதையும் விதை வளர்வதையும் கவனிக்கிறது. பிசிஃபெராவிலோ, டி.என்.ஏ.வைப் பிடிக்கும் இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருந்தது. அதற்கே ஓடு காணாமல் போய்விட்டது!

இதில் விவசாயிக்கு என்ன? நாற்றைப் பார்த்து டூராவா, டெனெராவா என்று சொல்ல முடியாது. காய்க்க மூன்று நான்கு வருஷம். வேறு மகரந்தம் விழுந்து டூரா கலந்திருந்தால் அப்போதுதான் தெரியும். மரமோ 25 வருஷத்துக்கு நிற்கும். இப்போது நாற்றின் இலைத்துண்டைச் சோதித்தாலே போதும். 2021-ல் மத்திய அரசு எண்ணெய்ப்பனைக்குத் தேசிய இயக்கம் தொடங்கி, புது விவசாயிகளை நடச் சொல்கிறது. நாற்றோடு சோதனைச் சீட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?