இல்லம் தேடி வரும் நோய் ஆதரவுச் செவிலியர்: வரலாறும் நடைமுறையும்

நோய் ஆதரவுச் சிகிச்சை என்பது, முற்றிலும் குணப்படுத்த இயலாத நோயால் துன்புறுவோரின் வலி, மூச்சுத்திணறல், புண் முதலியவற்றைத் தணித்து, அவருக்கும் குடும்பத்தாருக்கும் துணைநிற்கும் மருத்துவ முறையாகும். புற்றுநோயாளிகளுக்கு மட்டுமன்றி, பக்கவாதம், சிறுநீரகச் செயலிழப்பு, முதுமைத் தளர்ச்சி ஆகியவற்றால் படுக்கையில் இருப்போருக்கும் இது உரியது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள்" என்ற சொல்லோடு மருத்துவம் விலகிக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. வீட்டுக்குச் சென்ற பின்னரும் செய்ய வேண்டியவை பல உண்டு என்பதை மருத்துவ உலகம் படிப்படியாக ஏற்றுக்கொண்டதே இச்சேவையின் வரலாறு.

தோற்றம்

இத்துறையின் முன்னோடி இங்கிலாந்தைச் சேர்ந்த சிசிலி சாண்டர்ஸ் (1918–2005). செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் பணியாற்றிய பின் மருத்துவம் பயின்றவர். 1967ஆம் ஆண்டு லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கினார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, வலி திரும்பும் முன்பே குறித்த நேரத்தில் கொடுப்பது நல்லது என்பது அவர் வலியுறுத்திய முறை. 1969இல் அவ்வில்லத்தின் செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கும் செல்லத் தொடங்கினர். 1986இல் உலக சுகாதார நிறுவனம், எளிய வலி மாத்திரையில் தொடங்கி மார்ஃபின் வரை செல்லும் மூன்று படிநிலைகளைப் புற்றுநோய் வலிக்கு வகுத்தளித்தது.

இந்தியாவில்

1986இல் மும்பையில் சாந்தி அவேதனா சதன் தொடங்கப்பட்டது. சென்னையில் 1990களில் ஜீவோதயா இல்லம் ஏழைப் புற்றுநோயாளிகளுக்காகச் செயல்படத் தொடங்கியது. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகியோரின் முயற்சியில் வலி மற்றும் ஆதரவுச் சிகிச்சைச் சங்கம் உருவானது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களே மிகுதி என்பதை உணர்ந்து, செவிலியரும் ஊர்த் தன்னார்வலர்களும் வீடுகளுக்குச் செல்லும் முறை கேரளத்தில் வளர்ந்தது. 2008இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையை வெளியிட்டது.

மருந்து கிடைப்பதில் பெருந்தடையாக இருந்தது சட்டம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ், மார்ஃபின் வைத்திருக்க மருத்துவமனைகள் பல உரிமங்களைப் பெற வேண்டியிருந்தது. அபினி விளையும் நாட்டிலேயே கடும் வலியில் இருந்தோருக்கு அம்மருந்து எட்டாமல் போயிற்று. 2014இல் சட்டம் திருத்தப்பட்டு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் ஒரே ஒப்புதலுடன் அதை வாங்கி வழங்க வழி ஏற்பட்டது.

தமிழ்நாட்டில்

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை வீட்டிலேயே வழங்குவதுடன், நோய் ஆதரவுச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் இத்திட்டத்தில் அடங்கும். இதற்கெனச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வட்டார அளவில் பணியமர்த்தப்பட்டனர்.

இதன் பயனை அறிய, செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மண்டகப்பட்டு போன்ற ஓர் ஊரை எண்ணிப் பார்க்கலாம். மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயிலால் வரலாற்றில் இடம்பெற்ற ஊர் இது. இப்பகுதி மக்கள் பெரிய சிகிச்சைக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, புதுச்சேரி ஜிப்மருக்கோ, சென்னைக்கோ செல்ல வேண்டும். எழுந்து உட்கார முடியாதவரை அழைத்துச் செல்ல வண்டி வாடகை வேண்டும். உடன் செல்பவருக்கு ஒரு நாள் கூலி போய்விடும். சிறுநீர்க் குழாய் மாற்றுவதற்காக மட்டும் இவ்வளவும் செய்ய வேண்டியதில்லை என்பதே வீட்டுச் சேவை தரும் முதல் ஆறுதல்.

குடும்பத்தினர் எதிர்பார்க்கக்கூடியவை

முதல் வருகை பெரும்பாலும் நோயாளியை அறிந்துகொள்வதற்கானது. மருத்துவமனைச் சீட்டுகள், உட்கொள்ளும் மருந்துகள், வலி எப்போது கூடுகிறது என்ற விவரம் ஆகியவற்றை எடுத்து வைத்திருப்பது உதவும். செவிலியர் வாய், தோல், மலம், சிறுநீர் ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பார். புண்ணுக்குக் கட்டுப் போடுதல், சிறுநீர்க் குழாய், மூக்குவழி உணவுக் குழாய் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுதல் அவரது பணிகள்.

அவர் நாள் முழுதும் உடனிருப்பவர் அல்லர். மருத்துவரின் பரிந்துரையின்றிப் புதிய மருந்தைத் தொடங்குபவரும் அல்லர். ஆகவே அவரது பணியில் பெரும்பகுதி கற்றுக்கொடுத்தலே. படுக்கைப்புண் வராமல் இருக்க சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைத்தல், படுத்திருப்பவருக்குப் புரையேறாமல் தலையை உயர்த்தி உணவூட்டுதல் ஆகியவற்றைக் குடும்பத்தார் அவரிடம் பழகிக்கொள்ளலாம். மார்ஃபின் என்றாலே அடிமையாகிவிடுவார் என்று அஞ்சி அளவைத் தாமாகக் குறைப்போர் உண்டு. மருத்துவர் சொன்ன அளவில் வலிக்காகக் கொடுக்கும்போது அந்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அது உண்டாக்கும் மலச்சிக்கலுக்கு உடன் மருந்து தரப்படும்.

நோயின் பெயரை நோயாளியிடம் மறைத்து வைக்கும் குடும்பங்கள் பல. பயிற்சி பெற்ற செவிலியர் அதைத் திடீரெனப் போட்டுடைக்க மாட்டார்; நோயாளி எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதைக் கேட்டறிந்தே பேசுவார்.

இறுதி நாட்களில் பசி குறையும், உறக்கம் கூடும், மூச்சின் போக்கு மாறும். இவை பட்டினியாலோ கவனிப்புக் குறைவாலோ வருபவை அல்ல. விழுங்க முடியாதவருக்கு வற்புறுத்தி ஊட்டினால் மூச்சுக்குழாயில் சென்றுவிடும். வழக்கப்படி வாயில் பால் விட விரும்புவோரும் உதட்டை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பராமரிப்பவரின் நிலை

இத்தகைய வீடுகளில் பெரும் சுமை ஒருவர் மீதே, பெரும்பாலும் மனைவி, மகள் அல்லது மருமகள் மீதே விழுகிறது. அவருடைய உறக்கத்தையும் முதுகுவலியையும் விசாரிப்பதும் இச்சிகிச்சையின் ஒரு பகுதியே. நோயாளி முற்றிலும் தளர்ந்த பிறகு அல்லாமல், வலி தொடங்கும்போதே ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பகுதி சுகாதாரத் தன்னார்வலரிடமோ தெரிவித்தால் இச்சேவையின் முழுப் பயனைப் பெறலாம்.